சாயங்காலம் ஆனால் ஆர்டிகே ஃபிக்ஸ் கழன்றுவிடுகிறது: அயனி மண்டலமா, ஆண்டெனாவா?

#1 · நிலஅளவன்

வணக்கம். சர்வே வேலையில் ஒரு தலைவலி. ஆர்டிகே முறை, அதாவது நிலையாக நிற்கும் ஒரு ரிசீவரின் துணையோடு ஜிபிஎஸ்ஸில் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் குறிப்பது. நகரும் ரோவர், நிலையான பேஸ் இரண்டுமே இரட்டை அதிர்வெண் ரிசீவர்கள். ஜிபிஎஸ் அனுப்பும் எல்1, எல்2 அதிர்வெண்கள் இரண்டையும் பிடிக்கும். பேஸ் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். பகல் முழுக்க எந்தப் புகாரும் இல்லை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் போனால் ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியத் தீர்வு) கழன்று, துல்லியம் குறைந்த ஃப்ளோட்டுக்குப் போய்விடுகிறது. திரையில் பார்த்தால் நாலைந்து செயற்கைக்கோள்களின் சிக்னல் வலு தாறுமாறாக ஏறி இறங்குகிறது, சில அப்படியே காணாமல் போகின்றன. நள்ளிரவு தாண்டினால் தானாகச் சரியாகிவிடுகிறது. தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி.

கருவி விற்ற நிறுவனம் ஆண்டெனாவில் கோளாறு என்றது. வேறு ஆண்டெனா போட்டும் அதே கதை. மேல் வளிமண்டலத்தின் மின்னேறிய பகுதியான அயனி மண்டலமாக இருக்கலாம் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். ஆனால் இரண்டு அதிர்வெண் இருந்தால் அயனி மண்டலப் பிழையைக் கழித்துவிடலாம் என்றுதானே எல்லாப் பாடத்திலும் போட்டிருக்கிறது? அப்புறம் ஏன் இப்படி?

#2 · டிஷ்மணி

அயனி மண்டலம்தான், சந்தேகமே வேண்டாம். மழை வலுத்தால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, அதுவும் இதேதான். மேலே ஏதோ கலங்குகிறது, கீழே நமக்கு வந்து சேரவில்லை.

#3 · பன்னிரண்டுவோல்ட்

மணி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். டிஷ் டிவி வருவது கேயு பட்டையில், சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையை விழுங்குவது மழைத்துளி. மழை இருப்பது தரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள். அயனி மண்டலம் தொடங்குவதே 60 கிலோமீட்டர் வாக்கில், அடர்த்தியான எஃப் அடுக்கின் உச்சி 300, 350 கிலோமீட்டரில்.

அதிர்வெண் ஏற ஏற அயனி மண்டலத்தின் பிடி தளர்ந்துகொண்டே போகும், அதுவும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக. ஜிபிஎஸ் எல்1 என்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ். 12 கிகாஹெர்ட்ஸ் அதைப்போல ஏழரை மடங்கு. ஆக, தாமதம் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. டிவி படத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மழையோ நேர்மாறு: அதிர்வெண் கூடக் கூட அதிகம் கடிக்கும். ஜிபிஎஸ் வரும் எல் பட்டைக்கு மழை ஒன்றும் செய்யாது.

#4 · டிஷ்மணி

சரி, மழை வேறு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக நிலஅளவனுக்கு வருவது அயனி மண்டலம் இல்லை என்று ஆகிவிடுமா?

#5 · எலக்ட்ரான்எண்ணி

ஆகாது. அவர் சொல்வதைப் பார்த்தால் அயனி மண்டலம்தான் முதல் சந்தேக நபர். ஆனால் அயனி மண்டலம் செய்யும் வேலைகள் இரண்டு. பாடங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சூரியனின் தீவிரப் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கின்றன. தனியாகத் திரியும் இந்த எலக்ட்ரான்கள்தான் ரேடியோ அலையோடு விளையாடுபவை. ஒரு கன மீட்டரில் 10^12 எலக்ட்ரான் இருந்தால் ஏறக்குறைய 9 மெகாஹெர்ட்ஸ் வரை நேராக மேலே போகும் அலை திரும்பி வந்துவிடும். சிற்றலை வானொலி கண்டம் தாண்டிக் கேட்பது இதனால்தான். அதற்கு வெகு மேலே இருக்கும் அலைகள் ஊடுருவிப் போகும், ஆனால் சும்மா போகாது. தாமதம் ஆகும்.

எவ்வளவு தாமதம் என்பது வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் என்பதைப் பொறுத்தது. செயற்கைக்கோளிலிருந்து ரிசீவர் வரை ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள குழாயைக் கற்பனை செய்து, அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களை எல்லாம் எண்ணினால் கிடைப்பதுதான் டிஇசி. 10^16 எலக்ட்ரான் என்றால் ஒரு அலகு. தாமதத்தை மீட்டரில் பெற 40.3 ஐ மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எல்1-ல் ஒரு டிஇசி அலகுக்கு 16 சென்டிமீட்டர். எல்2 (1227.60 மெகாஹெர்ட்ஸ்) என்றால் கிட்டத்தட்ட 27, இன்னொரு ஜிபிஎஸ் அதிர்வெண்ணான எல்5 (1176.45) என்றால் 29.

பின்னிரவில் ஐந்து பத்து அலகு இருக்கும், பிழை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வாக்கில். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடத்தில், தாழ்ந்த அட்சரேகையில், பிற்பகல் இரண்டு மணிக்கு நூறு அலகைத் தாண்டுவது சாதாரணம். தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கே 16 மீட்டர். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு அலை சாய்ந்து நீண்ட தூரம் ஊடுருவுவதால் அது மூன்று மடங்கு வரை போகும்.

இந்தத் தாமதம் மென்மையாக ஏறி மென்மையாக இறங்கும். எல்1-க்கும் எல்2-க்கும் வெவ்வேறு அளவில் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டு டிஇசியைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். 1960-களில் வந்த டிரான்சிட் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் 150, 400 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் ஒலிபரப்பியதே இதற்காகத்தான். பாடத்தில் போட்டிருப்பது இந்தப் பகுதி. அதில் பொய் எதுவும் இல்லை.

#6 · புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒற்றை அதிர்வெண் மட்டும் உள்ள போன் என்ன செய்யும்? அப்புறம் இன்னொன்று. அயனி மண்டலத்தில் கேரியர் அலையின் (செய்தியைச் சுமந்து வரும் அடிப்படை அலை) கட்டம், அதாவது ஃபேஸ், ஒளியைவிட வேகமாகப் போகும் என்று எங்கேயோ படித்தேன். அது எப்படி முடியும்?

#7 · எலக்ட்ரான்எண்ணி

போனுக்கு செயற்கைக்கோளே எட்டு எண்களை அனுப்பும். அதை வைத்துக் குளோபுச்சார் மாதிரி என்று ஒன்று ஓடும். இரவு முழுக்கத் தாமதம் 5 நானோ விநாடி, பகலில் ஒரு கொசைன் மேடு, உச்சி பிற்பகல் 2 மணிக்கு. அவ்வளவுதான் மாதிரி. 1970-களின் கணிப்பொறிக்குத் தகுந்தபடி செய்தது. பிழையில் ஏறத்தாழ பாதியைக் குறைக்கும். கலிலியோ அமைப்பு நீகுவிக் என்ற கொஞ்சம் தேர்ந்த மாதிரியைப் பயன்படுத்துகிறது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்திய பிறகு, ஒற்றை அதிர்வெண் ரிசீவருக்கு எஞ்சிய மிகப் பெரிய எதிரி அயனி மண்டலம்தான்.

கட்டம் பற்றி: ஆமாம், எலக்ட்ரான் கூட்டத்துக்குள் கட்டத்தின் வேகம் ஒளிவேகத்தைத் தாண்டும். ஆனால் வெறும் கட்டம் எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. செய்தி போவது அலைக்குழுவின் வேகத்தில், அது ஒளிவேகத்துக்குக் கீழே. இரண்டின் பெருக்கல் எப்போதும் ஒளிவேகத்தின் வர்க்கம். ஐன்ஸ்டீனுக்கு ஒரு குறையும் இல்லை. ரிசீவரில் இதன் விளைவை நேரடியாகவே பார்க்கலாம்: அலையில் ஏற்றி அனுப்பும் குறியீட்டை வைத்து அளந்தால் தூரம் நிஜத்தைவிடக் கூடுதலாகவும், கேரியர் கட்டத்தை வைத்து அளந்தால் அதே அளவு குறைவாகவும் வரும்.

#8 · நிலஅளவன்

நல்ல விளக்கம், நன்றி. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. என்னிடம் இரண்டு அதிர்வெண் இருக்கிறது. அதோடு பேஸ் பக்கத்தில்தான், இரண்டு ரிசீவருக்கும் மேலே இருப்பது ஏறக்குறைய ஒரே அயனி மண்டலம். தாமதம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்து கழிந்துவிட வேண்டுமே.

#9 · எலக்ட்ரான்எண்ணி

சரியான கேள்வி. பதில்: உங்களைக் கடிப்பது தாமதம் இல்லை. இரண்டாவது வேலை, சிண்டிலேஷன், அதாவது சிக்னலின் வலுவும் கட்டமும் வேகமாகத் துடிப்பது. கழிப்பதற்கு முதலில் சிக்னல் கையில் இருக்க வேண்டும். சிண்டிலேஷன் சிக்னலையே பிடுங்கிக்கொள்கிறது.

காந்த நடுக்கோட்டின் இரு பக்கமும் தினமும் நடக்கும் கதை இது. பகலில் அங்கே மின்புலம் கிழக்கு நோக்கி இருக்கும். பூமியின் காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடைமட்டமாகக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து பிளாஸ்மாவை (எலக்ட்ரானும் அயனியும் கலந்த கூட்டம்) மேலே தூக்கும். மேலே போனது காந்தக் கோடுகள் வழியாக இரு பக்கமும் சரிந்து, காந்த அட்சரேகை 15 பாகை வாக்கில் வடக்கிலும் தெற்கிலும் குவியும். அதனால் எலக்ட்ரான் அடர்த்தி அதிகம் இருப்பது நடுக்கோட்டில் இல்லை, அதன் இரு தோள்களில்.

சூரியன் மறையும் வேளையில் இந்த மின்புலம் அடங்குவதற்கு முன் ஒருமுறை திடீரென்று வலுக்கும். எஃப் அடுக்கு சட்டென்று மேலே ஏறும். அதே நேரம் கீழ் அடுக்குகளில் வெளிச்சம் நின்றதும் எலக்ட்ரானும் அயனியும் மறுபடி சேர்ந்து காலியாகிவிடும். ஆக மேலே கனம், கீழே காலி. எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றினால் எப்படி நிற்காதோ, அப்படி இதுவும் நிற்காது. எங்கோ ஒரு சின்னக் குலுக்கல் போதும், கீழே உள்ள காலி இடம் குமிழியாகப் பொத்துக்கொண்டு மேலே ஏறும். ரேலி-டெய்லர் நிலையின்மை என்பது இதுதான். ஏறிய குமிழி காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கு தெற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். அகலம் சில பத்து கிலோமீட்டர் முதல் நூறு வரை. பொதுவாகக் கிழக்கே நகரும், விநாடிக்கு நூறு மீட்டர் அளவில்.

குமிழியின் ஓரங்கள் சீராக இருப்பதில்லை, கிலோமீட்டர் கணக்கிலிருந்து மீட்டர் கணக்கு வரை நொறுங்கிக் கிடக்கும். எல்1 அலைக்கு 400 மீட்டர் வாக்கிலான நொறுங்கல்கள்தான் மிக மோசம். அவற்றின் வழியாக வரும் அலை பல துண்டுகளாகச் சிதறி, தரையில் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் விழும். ஒரு நொடி வலு ஏறும், அடுத்த நொடி 20 டெசிபல் இறங்கும், அதாவது நூறில் ஒரு பங்கு. கட்டமும் அதோடு குதிக்கும். கேரியரைப் பின்தொடரும் சுற்று அங்கே கைவிட்டுவிடும். உங்களுக்கு சைக்கிள் ஸ்லிப் (அலைகளை எண்ணும் கணக்கு தவறுவது), பிறகு ஃப்ளோட்.

இதில் எல்2-ம் எல்5-ம் எல்1-ஐ விட அதிகம் அடிபடும். இரண்டு அதிர்வெண் வைத்திருப்பது இங்கே உங்களைக் காப்பாற்றாது. சொல்லப்போனால் கழித்தல் கணக்குக்கு இரண்டும் வேண்டும் என்பதால், எல்2 போனாலே கணக்கு நின்றுவிடும்.

#10 · கண்ணாடிச்சுவர்

எல்லாவற்றுக்கும் சூரியனைக் கைகாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிக்னல் வலு ஏறி இறங்குவது பல்வழிப் பிரதிபலிப்பிலும் நடக்கும். பக்கத்தில் கட்டடம், தகரக் கொட்டகை, லாரி ஏதாவது இருந்தால் போதும். அதை விலக்காமல் மேலே 350 கிலோமீட்டருக்குப் போவது அவசரம்.

#11 · பன்னிரண்டுவோல்ட்

நியாயமான ஆட்சேபணை. சோதிக்கவும் எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வானில் அதே இடத்துக்குத் திரும்புவது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆண்டெனாவை நகர்த்தாமல் வைத்தால், பிரதிபலிப்புக் கோளாறு அதே செயற்கைக்கோளில், தினமும் நாலு நிமிடம் முன்னதாக வரும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்திருக்கும். அயனி மண்டலக் கோளாறு அப்படி நகராது. சூரிய அஸ்தமனத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும், செயற்கைக்கோள் எதுவானாலும். நிலஅளவன் சொல்வது இரண்டாவது ரகம்.

அதோடு, சிண்டிலேஷன் உயர்ந்த கோணத்தில் இருக்கும் செயற்கைக்கோளையும் விடாது. தலைக்கு மேலே 70 பாகையில் நிற்கும் செயற்கைக்கோள் துடித்தால் தகரக் கொட்டகையைக் குறை சொல்ல முடியாது.

#12 · கண்ணாடிச்சுவர்

நாலு நிமிடச் சோதனை நல்லது. அதைச் செய்து காட்டட்டும், அப்போது பேசலாம்.

#13 · சிற்றலைசிவம்

ஹாம் ரேடியோக்காரன் பார்வையில் கொஞ்சம். எங்கள் செயற்கைக்கோள்கள் 145, 435 மெகாஹெர்ட்ஸில் வருபவை. எல் பட்டையில் நீங்கள் படும் பாடு எங்களுக்குப் பல மடங்கு. சிண்டிலேஷன் தவிர, ஃபாரடே சுழற்சி என்று ஒன்று உண்டு: காந்தப்புலமும் எலக்ட்ரானும் சேர்ந்து அலையின் முனைவாக்கத் தளத்தையே, அதாவது அலை அதிரும் தளத்தையே, திருப்பிவிடும். 145-ல் அது பல முழுச் சுற்றுகள். நேர்கோட்டு ஆண்டெனா வைத்தால் சிக்னல் மெதுவாக மங்கி, மெதுவாகத் திரும்பி வரும். அதனால்தான் வட்ட முனைவாக்க ஆண்டெனா. ஜிபிஎஸ்ஸும் வட்ட முனைவாக்கத்தில் அனுப்புவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்தக் குமிழிகள் நமக்குப் புதிதாகத் தோன்றலாம், ஆனால் இவற்றின் தடம் 1938-லேயே பதிவாகிவிட்டது. பெரு நாட்டின் ஹுவான்காயோவில், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், புக்கரும் வெல்ஸும் எஃப் அடுக்கின் எதிரொலி இரவில் பரவிக் கலைவதைக் கண்டார்கள். ஜிபிஎஸ் பிறக்கப் பல பத்தாண்டுகள் முன்பு. தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைத்ததும் காந்த நடுக்கோடு அதன்மேல் போவதால்தான்.

#14 · புதுவரவு

இதனால் நிஜமாகவே பெரிய விபரீதம் ஏதாவது நடந்திருக்கிறதா?

#15 · சிற்றலைசிவம்

2002 மார்ச் 4, ஆப்கானிஸ்தானில் தக்கூர் கர் மலை. அமெரிக்கப் படை ஹெலிகாப்டர் ஒன்றுக்கு, மலையுச்சியை விட்டு விலகச் சொல்லி செயற்கைக்கோள் வழியாகப் போன எச்சரிக்கை சேரவில்லை. மலைகளின் குறுக்கீடு என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று அன்றைய செயற்கைக்கோள் தரவை வைத்து, அந்த நேரத்தில் வழியில் ஒரு பிளாஸ்மா குமிழி இருந்தது, அதற்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று காட்டியது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

#16 · டிஷ்மணி

அப்போ 2024 மே மாதம் துருவ ஒளி எங்கெங்கோ தெரிந்ததே, அந்தப் புயலும் இந்தக் குமிழியும் ஒன்றா?

#17 · எலக்ட்ரான்எண்ணி

உறவு உண்டு, ஒன்றில்லை. குமிழி சாதாரண நாளிலும் வரும், புயல் தேவையே இல்லை. காந்தப் புயல் என்பது சூரியனிலிருந்து வீசப்பட்ட பிளாஸ்மா பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது. அப்போது டிஇசி சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே செங்குத்தாக மாறும், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். 2003 அக்டோபர் 29, 30 தேதிகளில் ஜிபிஎஸ் பிழைகளுக்குத் திருத்தம் அனுப்பும் அமெரிக்காவின் வாஸ் அமைப்பு, விமானங்களுக்கு உயர வழிகாட்டுதல் தருவதைப் பல மணி நேரம் நிறுத்திவைத்தது. தப்பாகத் தருவதைவிடத் தராமல் இருப்பது மேல் என்ற கணக்கு. 2024 மே 10, 11-ல் வந்தது அதற்குப் பிறகான முதல் ஜி5, அதாவது உச்ச அளவுப் புயல். அமெரிக்காவில் விதைப்புக் காலத்தில் ஆர்டிகேயை நம்பி ஓடிய டிராக்டர்கள் நடு வயலில் நின்றன.

வேடிக்கை என்னவென்றால், புயல் சில சமயம் குமிழியைத் தடுத்தும்விடும். சாயங்கால மின்புலம் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் புயல் எச்சரிக்கையை மட்டும் பார்த்து இன்றிரவு சிண்டிலேஷன் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் பிரித்து வைக்கலாம். 2006 டிசம்பர் 6 அன்று சூரியனே எல் பட்டையில் பெரும் ரேடியோ இரைச்சலைக் கொட்டியது. பகல் பக்கத்தில் இருந்த ஜிபிஎஸ் ரிசீவர்கள் தடுமாறின. அதில் அயனி மண்டலத்துக்கு வேலையே இல்லை, நேரடிக் குறுக்கீடு. பகலில் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே நேரத்தில் மங்கினால் அதைச் சந்தேகியுங்கள்.

#18 · வரைபடக்காரி

ரேடார் படங்களோடு மல்லுக்கட்டுபவள் நான். எங்களுக்கும் இதே எதிரி. 2025-ல் பறக்கவிட்ட நிசார் செயற்கைக்கோள் எல் பட்டை ரேடாரையும் சுமக்கிறது. பயோமாஸ் என்ற ரேடார் செயற்கைக்கோள் இன்னும் கீழே, 435 மெகாஹெர்ட்ஸில். தரை சில சென்டிமீட்டர் நகர்ந்ததா என்று பார்க்கும்போது, மேலே டிஇசி கொஞ்சம் மாறியிருந்தாலும் தரை நகர்ந்த மாதிரியே படத்தில் தெரியும். ரேடார் பட்டையையே மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கழிக்கிறோம். அடிப்படை உங்கள் எல்1, எல்2 தந்திரம்தான், இடைவெளிதான் ரொம்பக் குறுகல்.

ஒருவருக்குக் குப்பை, இன்னொருவருக்குத் தரவு என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சுனாமி எழுப்பிய அலை அயனி மண்டலம் வரை ஏறியதை அங்குள்ள ஜிபிஎஸ் நிலையங்கள் டிஇசியில் பார்த்தன. 2024-ல் கூகுள் ஆய்வாளர்கள் இரட்டை அதிர்வெண் உள்ள பல பத்து லட்சம் ஆண்ட்ராய்டு போன்களைச் சேர்த்து அயனி மண்டலத்துக்கே வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு போனும் மட்டமான கருவிதான், கூட்டம்தான் பலம்.

#19 · கண்ணாடிச்சுவர்

இந்தியாவின் வழிகாட்டி அமைப்பான நாவிக் எஸ் பட்டையில் வருகிறதே, அதை எல்லோரும் பிடித்தால் பிரச்சினை முடிந்ததா?

#20 · பன்னிரண்டுவோல்ட்

எஸ் பட்டை 2492.028 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிஇசி அலகுக்கு ஆறரை சென்டிமீட்டர்தான் தாமதம், எல்5-ல் இருப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. சிண்டிலேஷனும் குறையும், ஆனால் தாமதம் குறையும் அதே வேகத்தில் குறையாது. எஸ்4 என்ற வலுத் துடிப்பு அளவு ஏறக்குறைய அதிர்வெண்ணின் ஒன்றரை அடுக்கில் இறங்கும். நல்ல லாபம்தான். ஆனால் சந்தையில் கிடைக்கும் ஆர்டிகே கருவிகளில் எஸ் பட்டை அரிது. 2023-ல் போன என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல் நாவிக்கும் எல்1-ல் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது, போன்களுக்குத் தோதாக.

என்னைக் கேட்டால் பட்டையை மாற்றுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுவது பலன் தரும். குமிழி வானம் முழுக்க மூடுவதில்லை, பட்டை பட்டையாக வரும். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்ற நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளையும் பிடித்தால் குமிழிக்கு வெளியே எப்போதும் சில மிஞ்சும். துடிப்பவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கணக்குப் போடுகிற மென்பொருள் வேண்டும். பல கருவிகளில் இந்த அமைப்பு இருக்கும், ஆனால் அணைத்தே வந்திருக்கும்.

#21 · நிலஅளவன்

கண்ணாடிச்சுவர் கேட்டதற்காக ஆண்டெனாவை மொட்டை மாடியில் நட்டு, நகர்த்தாமல் விட்டு வைத்தேன். துடிப்பு நாலு நிமிடக் கணக்கில் நகரவில்லை, அஸ்தமனத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேற்கே உள்ளவை முதலில் துடிக்கின்றன, பிறகு தலைக்கு மேல், பிறகு கிழக்கு. நடுவில் சில இரவுகள் ஒன்றுமே இல்லை. இதை ஓர் எண்ணாகச் சொல்ல வழி உண்டா? வேலையை எந்த மாதங்களில் மாலைக்கு வைக்கலாம் என்றும் தெரிய வேண்டும்.

#22 · கண்ணாடிச்சுவர்

மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது என்றால் பிரதிபலிப்பு இல்லை. சரி.

#23 · எலக்ட்ரான்எண்ணி

மாதம் இடத்துக்கு இடம் மாறும். அஸ்தமனக் கோடு காந்தத் தீர்க்கக் கோட்டோடு ஒன்றி விழும் காலத்தில் குமிழி அதிகம். காந்தக் கோடு ஏறக்குறைய நேர் வடக்கே போகும் இந்தியத் தீர்க்கரேகைகளில் அது மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர். கோடு நன்றாகச் சாய்ந்திருக்கும் பிரேசிலில் டிசம்பரை ஒட்டிய மாதங்கள். சூரியச் செயல்பாடு குறைந்த வருடங்களில் எங்குமே குறைவு. நடப்பு 25-வது சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ல் வந்துவிட்டது. இறங்குமுகம்தான், ஆனால் இறங்கச் சில வருடம் பிடிக்கும்.

எண்ணுக்கு: எஸ்4 கணக்கிட நொடிக்கு 50 முறை பதிவு செய்யும் ரிசீவர் வேண்டும், உங்களிடம் இருக்காது. அதற்குப் பதில் ரோட்டி என்று ஒன்று உண்டு. எல்1, எல்2 கட்டங்களிலிருந்து டிஇசி நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்று எடுத்து, ஐந்து நிமிடச் சாளரத்தில் அதன் திட்டவிலக்கம். வழக்கமான 30 விநாடிப் பதிவே போதும். 0.5-ஐத் தாண்டினால் ஒழுங்கின்மை இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 30 விநாடிப் பதிவு பார்ப்பது கிலோமீட்டர் அளவு நொறுங்கல்களை, உங்கள் சிக்னலை உடைப்பதோ சில நூறு மீட்டர். ரோட்டி ஏறியிருந்தும் ஃபிக்ஸ் நிற்கும் இரவுகள் வரும். 30 பாகை உயரக் கோணத்துக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், சைக்கிள் ஸ்லிப் விழுந்த இடத்தில் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஸ்லிப்பையே டிஇசி மாற்றம் என்று எண்ணிவிடும். மாடிப் பதிவின் ரைனெக்ஸ் கோப்பை (ரிசீவர் பதிவுகளுக்கான பொது வடிவம்) ஏற்றுங்கள், ஓர் இரவுக்கு நானே போட்டுக் காட்டுகிறேன்.